படைவீரர்களுக்கான அத்லெட்டிக் டிரெய்னர்: தேவையான தகுதிகளும் நீங்கள் அறிய வேண்டியவையும்

அத்லெட்டிக் டிரெய்னர் என்னும் பெயரைக் கேட்டதும், உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்கக் கற்றுத் தருபவர் என்றே பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று. அமெரிக்காவில் இப்பெயர் உரிமம் பெற்ற ஒரு மருத்துவத் துறைப் பணியாளரைக் குறிக்கும். கடும் உடற்பயிற்சியின்போது ஏற்படும் காயங்களைத் தடுத்தல், கண்டறிதல், முதலுதவி அளித்தல், குணமடைந்தவரைப் படிப்படியாகப் பயிற்சிக்குத் திரும்பச் செய்தல் ஆகியவை இவரது கடமைகள்.

அந்நாட்டுப் படைகளில் இப்பணிக்கு வேண்டிய தகுதிகளையும், அவை நோயாளியைப் பாதுகாக்கும் விதத்தையும் இப்பக்கம் விளக்குகிறது. அமெரிக்கப் படைகளில் பணியாற்றுவோரின் குடும்பத்தினருக்கும், இங்கு இராணுவம், காவல்துறை ஆகியவற்றின் உடற்தகுதித் தேர்வுகளுக்குப் பயிற்சி பெறுவோரின் பெற்றோருக்கும் இத்தகவல்கள் பயன்படும்.

படைகளில் இவர்கள் ஏன் தேவைப்படுகின்றனர்?

புதிதாகப் படையில் சேர்பவர் சில வாரங்களுக்குள் ஓட்டம், சுமையுடன் நெடுந்தூர நடை, தடை தாண்டுதல் ஆகியவற்றுக்கு உட்படுத்தப்படுகிறார். எலும்பும் தசையும் அதற்கேற்ப வலுப்பெறும் முன்பே பயிற்சியின் அளவு கூடுவதால் முழங்கால், கணுக்கால், கீழ்க்கால் எலும்பு ஆகியவற்றில் காயங்கள் மிகுதியாக ஏற்படுகின்றன. பயிற்சியிலிருந்து நீக்கப்படுவோமோ என்னும் அச்சத்தால் பலர் வலியை மறைக்கின்றனர். இக்காரணங்களால், மருத்துவமனையில் காத்திராமல் பயிற்சித் திடலிலேயே நின்று வீரர்களைக் கவனிக்கும் பணியாளர் தேவைப்படுகிறார்.

அமெரிக்கத் தரைப்படை 2020ஆம் ஆண்டு வெளியிட்ட உடல்நலக் கையேட்டைத் தொடர்ந்து, இயன்முறை மருத்துவர், உணவியல் வல்லுநர், உடல்வலுப் பயிற்சியாளர் ஆகியோருடன் அத்லெட்டிக் டிரெய்னரும் இடம்பெறும் குழுக்கள் படைப்பிரிவுகளில் அமைக்கப்பட்டு வருகின்றன. கடற்சார் காலாட்படையின் பயிற்சி மையங்களிலும் இவர்கள் பணியாற்றுகின்றனர். இவர்களுள் பெரும்பாலோர் சீருடை அணியாத குடிமைப் பணியாளர்கள் அல்லது ஒப்பந்தப் பணியாளர்கள் ஆவர்.

அடிப்படைத் தகுதிகள்

• பட்டம்: இத்துறைக்கென அங்கீகாரம் பெற்ற கல்வித் திட்டத்தில் பட்டம் பெற்றிருக்க வேண்டும். முன்பு இளநிலைப் பட்டம் போதுமானதாக இருந்தது. 2022ஆம் ஆண்டுக்குப் பின் இளநிலைத் திட்டங்களில் புதிய மாணவர் சேர்க்கை நிறுத்தப்பட்டதால், இன்று இத்துறைக்குள் நுழைய முதுநிலைப் பட்டம் தேவை. முன்னரே இளநிலைப் பட்டத்துடன் சான்று பெற்றவர்கள் தொடர்ந்து பணியாற்றலாம்.

• களப்பயிற்சி: உடற்கூறியல், காயப் பரிசோதனை, அவசரச் சிகிச்சை, மறுவாழ்வுப் பயிற்சி ஆகியவற்றை வகுப்பில் பயில்வதோடு, மேற்பார்வையின்கீழ் நோயாளிகளிடமும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

• தேசியச் சான்று: சான்றளிப்பு வாரியம் நடத்தும் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். தேர்ச்சி பெற்றவர் தம் பெயருக்குப் பின் ஏ.டி.சி. என்னும் எழுத்துகளைக் குறிப்பிடலாம்.

• மாநில உரிமம்: கலிஃபோர்னியா நீங்கலாக ஏனைய அனைத்து மாநிலங்களும் இப்பணியைச் சட்டத்தின்வழி முறைப்படுத்துகின்றன. படைத்தளப் பணிகளுக்கு ஏதேனும் ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் உரிமம் பொதுவாகக் கேட்கப்படுகிறது.

• தொடர்கல்வி: ஒரு முறை தேர்ச்சி பெற்றால் போதாது. குறித்த கால இடைவெளியில் தொடர்கல்வி பெற்றுச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். இதய உயிர்ப்பு முதலுதவிச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும்.

படைத்துறை கூடுதலாக எதிர்பார்ப்பவை

பின்புலச் சரிபார்ப்பில் தேறுதல், பல பணியிடங்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை, வெயிலிலும் குளிரிலும் அதிகாலையிலும் திடலில் பணியாற்றும் உடல்நலம் ஆகியவை எதிர்பார்க்கப்படுகின்றன. விளையாட்டு வீரர்களிடமோ படைவீரர்களிடமோ பணியாற்றிய அனுபவமும், உடல்வலுப் பயிற்சிக்கான தனிச் சான்றும் பல அறிவிப்புகளில் விரும்பத்தக்க தகுதிகளாகக் குறிப்பிடப்படுகின்றன.

தகுதி உயிரைக் காப்பது எப்படி?

ஓடும்போது ஒருவர் மயங்கி விழுந்து, பொருத்தமின்றிப் பேசினால், அது சாதாரணக் களைப்பாக இல்லாமல் உழைப்பினால் உண்டாகும் வெப்பத்தாக்காக இருக்கலாம். பயிற்சி பெற்றவர் நெற்றியையோ அக்குளையோ தொட்டு முடிவு செய்வதில்லை. ஆசனவாய் வழியே உடல்வெப்பத்தை அளக்கிறார். அது 40 டிகிரி செல்சியசைக் கடந்திருந்தால் பனிக்கட்டி நீரில் உடலை அமிழ்த்தியோ, பனிநீரில் நனைத்த விரிப்புகளால் போர்த்தியோ உடனே குளிர்விக்கிறார். முதலில் குளிர்விப்பு, பின்பு மருத்துவமனை என்பதே விதி. விழுந்த அரைமணி நேரத்திற்குள் உடல்வெப்பத்தைக் குறைத்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

மற்றொரு எடுத்துக்காட்டு, இடுப்பின் முன்பக்கத்தில் அல்லது தொடைக்கவட்டில் தோன்றும் வலி. இது தசைப்பிடிப்பு போலத் தோன்றினாலும், தொடையெலும்பின் கழுத்துப் பகுதியில் உண்டான விரிசலாக இருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்-ரே படத்தில் இது தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். வலியோடு தொடர்ந்து ஓடினால் எலும்பு முழுமையாக முறிந்து விலகக்கூடும். அந்நிலையில் அறுவைச் சிகிச்சையும் நீண்டகால ஊனமும் நேரிடலாம். "சற்று ஓடினால் சரியாகிவிடும்" என்று கூறுபவருக்கும், ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புபவருக்கும் உள்ள வேறுபாடு இங்கு விளங்கும்.

இவருடைய வரம்புகள்

அத்லெட்டிக் டிரெய்னர் மருத்துவர் அல்லர். மருத்துவரின் வழிகாட்டுதலின்கீழ் அல்லது அவருடன் இணைந்து பணியாற்றுகிறார். அறுவைச் சிகிச்சை செய்வதில்லை. அவருடைய பணி எல்லையை உரிமம் வழங்கிய சட்டமும் பணியமர்த்திய அமைப்பும் வரையறுக்கின்றன.

படைவீரர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். பணிக்கு அவர் தகுதியாக உள்ளாரா என்பது தொடர்பான மருத்துவத் தகவலை, தேவையான அளவில் கட்டளை அதிகாரிக்குத் தெரிவிக்க அமெரிக்க விதிகள் இடமளிக்கின்றன. இதற்கு அஞ்சி வலியை மறைக்க வேண்டாம். தொடக்கத்தில் தெரிவித்தால் சில வார ஓய்வில் குணமாகக்கூடிய காயம், மறைத்தால் பணியையே முடிவுக்குக் கொண்டுவரலாம்.

இங்குள்ள பெற்றோரும் இளைஞர்களும் கவனிக்க வேண்டியவை

இந்தியாவில் இப்பணியின் கூறுகளை விளையாட்டு மருத்துவ வல்லுநர், எலும்பு மருத்துவர், இயன்முறை மருத்துவர் ஆகியோர் பகிர்ந்து செய்கின்றனர். ஓடவும் தாண்டவும் கற்றுத் தரும் பயிற்சியாளர் எவ்வளவு அனுபவம் உடையவராயினும், காயத்தைக் கண்டறிந்து சிகிச்சை அளிப்பது அவரது பணியன்று. பயிற்சி மையத்தில் சேரும் முன் பின்வருவனவற்றைக் கேட்டறியவும்:

• காயம் ஏற்பட்டால் யார் பரிசோதிப்பார்? அவரது கல்வித் தகுதி என்ன?
• மயங்கி விழுந்தவரைக் குளிர்விக்கத் திடலில் தண்ணீரும் பனிக்கட்டியும் உள்ளனவா?
• இதய உயிர்ப்பு முதலுதவி அறிந்தவர் பயிற்சி நேரம் முழுவதும் இருப்பாரா?
• வலி உள்ளவருக்கு ஓட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்படுமா?

பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவ உதவி பெற வேண்டிய அறிகுறிகள்

• பயிற்சியின்போது மயக்கம், குழப்பமான பேச்சு, வலிப்பு
• நெஞ்சுவலி, மூச்சுத்திணறல்
• கடும் பயிற்சிக்குப் பின் தசைகளில் தாங்கமுடியாத வலியும், கறுத்த தேநீர் நிறத்தில் சிறுநீரும். இது தசைச் சிதைவின் அறிகுறி; சிறுநீரகத்தைப் பாதிக்கும். வலி நிவாரணி மாத்திரைகளைத் தாமாக உட்கொள்ள வேண்டாம்.
• எலும்பின் ஒரே இடத்தில் அழுத்தினால் வலி. நடக்கும்போது தொடைக்கவட்டில் வலி

முதல் மூன்றில் எது தோன்றினாலும் தாமதிக்க வேண்டாம். 108 அவசர ஊர்தியை அழைக்கவும். வெப்பத்தாக்கு என ஐயம் ஏற்பட்டால், ஊர்தி வரும்வரை நிழலில் படுக்க வைத்து, ஆடைகளைத் தளர்த்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரூற்றி விசிறிக்கொண்டே இருக்கவும். நினைவு தெளிவில்லாதவருக்கு வாய்வழியே நீர் புகட்ட வேண்டாம். நான்காவது அறிகுறி இருப்பின் ஓட்டத்தை நிறுத்தி, அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவரை அணுகவும். அவர் அனுமதிக்கும் வரை மீண்டும் ஓட வேண்டாம்.