ஒரு கொடி 5 டாலர்

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு மேற்கே இருக்கும் சிற்றூர் கான்கார்டு. எமர்சனும் தோரோவும் வாழ்ந்த ஊர் என்பதால் இலக்கிய வாசகர்களுக்குப் பழக்கமான பெயர். 1836-இல் அங்கே குடியேறிய எஃப்ரெயிம் வேல்ஸ் புல்லுக்கும் எழுத்துக்கும் சம்பந்தமில்லை. பாஸ்டனில் பிறந்தவர், தங்கத்தைத் தட்டித் தட்டி ரேக்காக்குவது தொழில். நகரத்துக் காற்று உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் கிராமத்துக்கு வந்தார். தங்கரேக்கு சோறு போட்டது. மனசு என்னவோ திராட்சையில்தான் இருந்தது.

அந்தப் பக்கத்தில் திராட்சை வளர்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஐரோப்பியக் கொடிகள் குளிரிலும் நோயிலும் செத்துவிடும். இசபெல்லா, கட்டாபா போன்ற அமெரிக்க ரகங்கள் பிழைக்கும். ஆனால் காய் பழுப்பதற்குள் உறைபனி முந்திக்கொள்ளும். வேலியோரம் தானாக மண்டும் லப்ரஸ்கா என்ற காட்டுத் திராட்சைக்கோ பனி ஒரு பொருட்டே இல்லை. புல் அதைப் பிடித்துக்கொண்டார். சீக்கிரம் பழுக்கும் காட்டுக்கொடி ஒன்றின் விதைகளை 1843-இல் ஊன்றினார்.

திராட்சை விதை தாயைப் போலவே பிள்ளையைத் தராது. ஒவ்வொரு நாற்றும் ஒவ்வொரு குணம். முளைத்ததையெல்லாம் வளர்த்து, காய்க்கும்வரை காத்திருந்து, தின்று பார்த்து, தேறாததைப் பிடுங்கி எறிய வேண்டும். வாழ்நாளில் அவர் சோதித்த நாற்றுகள் 22,000 என்று சொல்வார்கள். 1849-இல் ஒரு கொடி தேறியது. நீலக்கருப்புப் பழம், மேலே சாம்பல் பூத்தாற்போல மாவு, கமகமவென்று வாசனை. விரலால் பிதுக்கினால் தோல் கையில் நிற்க, சதை வழுக்கிக்கொண்டு வரும். நம் சந்தைக்கு வரும் பெங்களூர் ப்ளூவும் இதே லப்ரஸ்கா வழிதான். அதைத் தின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஊர்ப் பெயரையே பழத்துக்கு வைத்தார். 1853-இல் மசாசூசெட்ஸ் தோட்டக்கலைச் சங்கத்தின் கண்காட்சியில் வைத்தார். மறு ஆண்டு ஹோவி நாற்றுப்பண்ணை வழியாக விற்பனை தொடங்கியது, கொடி ஒன்று 5 டாலர். முதல் வருஷம் 3,200 டாலர் வந்ததாகச் சொல்கிறார்கள். அன்றைக்கு அது பெரிய பணம்.

அதோடு சரி. விதையில் இல்லாத உறுதி குச்சியில் உண்டு: வெட்டி நட்டால் அச்சு அசல் அதே கொடி. வாங்கியவர்களில் பெரும்பாலோர் நாற்றுப்பண்ணைக்காரர்கள். ஒரு கொடியை நூறாக்கினார்கள், நூறை ஆயிரமாக்கினார்கள். புல்லுக்குச் சல்லிக்காசு தரவேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது. அவர் மாநிலச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர் என்பதுதான் வேடிக்கை!

நியூ ஜெர்சி மாநிலத்து வைன்லண்டில் தாமஸ் வெல்ச் என்ற பல் டாக்டர் இருந்தார். மதுவை வெறுத்த மெதடிஸ்ட் கிறிஸ்தவர். தேவாலய நற்கருணைக்குப் போதை இல்லாத ரசம் வேண்டுமென்று, 1869-இல் இதே திராட்சையைப் பிழிந்து, புளிக்காதபடி சூடுகாட்டிப் புட்டியில் அடைத்தார். மகன் சார்லஸ் அதைப் பெருந்தொழிலாக்கினார். வெல்ச் பெயரில் திராட்சைச் சாறு இன்றும் விற்கிறது.

நாற்றுப்பண்ணைக்காரர்களைப் புல் மன்னிக்கவில்லை. அது அவருடைய பொறாமை என்று நான் தள்ளிவிட மாட்டேன். ஏமாந்தவரின் கோபம் அது. கையில் காசில்லாமல், கான்கார்டு முதியோர் இல்லத்தில் 1895-இல் இறந்தார், வயது 89. அவர் விதைத்தார், அடுத்தவர்கள் அறுத்தார்கள் என்று கல்லறையில் பொறித்திருக்கிறார்கள். குச்சி நட்டுப் பெருக்கும் புதிய ரகங்களுக்குக் காப்புரிமை தரும் சட்டத்தை அமெரிக்கா கொண்டுவந்தது 1930-இல்.