காஃபீனின் பல முகமூடிகள்

“டாக்டர் சொன்னார், காப்பியை விட்டுவிட்டேன்” என்று சொல்லும் இரத்தக் கொதிப்பு நோயாளிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்கள் நாள் முழுவதும் வேறு என்ன அருந்துகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான்கு முறை தேநீர், வெயிலுக்கு ஒரு கோலா, தலைவலிக்கு ஒரு மாத்திரை! காப்பி போய்விட்டது, காஃபீன் போகவில்லை. பல வேடங்களில் உலவும் இப்பொருளை விஞ்ஞானிகள் அடையாளம் கண்ட கதையைப் பார்ப்போமா?

கவிஞர் தந்த கொட்டை

1819-ஆம் ஆண்டு, ஜெர்மனியின் யேனா நகரில் ரூங்கே என்ற இளம் வேதியியலார், ஒரு செடியின் சாறு பூனையின் கண்மணியை விரியச் செய்வதை மகாகவி கெதேக்குக் காட்டினார். வியந்த கவிஞர் ஒரு பெட்டி காப்பிக்கொட்டையைக் கொடுத்து, அதையும் ஆராயச் சொன்னார். அதிலிருந்து ரூங்கே பிரித்தெடுத்த வெண்ணிறப் பொருளே காஃபீன்.

1827-இல் தேயிலையிலிருந்து ‘தேயீன்’ என்ற பொருள் கிடைத்தது. பிரேசில் நாட்டுக் குவரானா விதையிலிருந்து ‘குவரானீன்’ கிடைத்தது. தேயீனும் காஃபீனும் ஒன்றே என்பது 1838-இல் தெளிவாயிற்று. குவரானீனும் அதுவேதான். பெயர்கள் மூன்று, பொருள் ஒன்று!

நாற்பது பீப்பாய் வழக்கு

செடியில் இயற்கையாக இருந்த காஃபீனைப் பின்னர் மனிதனே பானங்களில் சேர்க்கத் தொடங்கினான். 1909-இல் அமெரிக்க அரசு, டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரில், கோகோ-கோலா பாகு நிரம்பிய 40 பெரிய பீப்பாய்களையும் 20 சிறு பீப்பாய்களையும் கைப்பற்றியது. தீங்கு தரும் காஃபீன் அதில் சேர்க்கப்பட்டுள்ளது என்பது குற்றச்சாட்டு. “அது சேர்க்கப்பட்டதன்று, பானத்தின் உறுப்பே” என்று வாதிட்டது கம்பெனி. 1911-இல் கீழ்க்கோர்ட்டில் கம்பெனி வென்றது. ஆனால், தயாரிப்பு முறையிலேயே இடம்பெற்றிருந்தாலும் அது சேர்க்கப்பட்ட பொருள்தான் என்று 1916-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பிறகு வழக்கு சமரசத்தில் முடிந்தது; பானத்தில் காஃபீன் குறைக்கப்பட்டது.

இரத்த அழுத்தம் ஏறுவது ஏன்?

அதே டென்னசி மாநிலத்தில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ராபர்ட்சன் குழுவினர் 1978-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். காப்பிப் பழக்கமில்லாத, ஆரோக்கியமான ஒன்பது இளைஞர்களுக்கு 250 மில்லிகிராம் காஃபீன் கொடுத்தார்கள். இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 14 மி.மீ.யும், கீழ் அளவு 10 மி.மீ.யும் உயர்ந்தன!

காரணம் என்ன? நம் உடலில் ‘அடினோசின்’ என்ற பொருள் பல இரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரிக்கிறது. காஃபீன் அடினோசின் உட்காரவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எனவே குழாய்கள் சுருங்குகின்றன. அட்ரினலின் சுரப்பும் கூடுகிறது.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. காஃபீனைத் தொடர்ந்து கொடுத்தபோது, ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் உடல் அதற்குப் பழகிவிட்டதை அதே குழுவினர் 1981-இல் காட்டினர். ஆகவே, அளவாகக் காப்பி குடிப்பதால் மட்டுமே இரத்தக் கொதிப்பு நோய் வரும் என்று சொல்வதற்கில்லை. ஏற்கெனவே அழுத்தம் மிகுந்தவரும் பழக்கமில்லாதவரும்தான் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

நீங்கள் செய்யவேண்டியது

கணக்குப் பாருங்கள். ஒரு கோப்பை தேநீரில் சுமார் 30 முதல் 50 மில்லிகிராம் காஃபீன் இருக்கலாம். 330 மில்லிலிட்டர் கோலாவில் 30-க்கு மேல். 250 மில்லிலிட்டர் ‘எனர்ஜி’ பானத்தில் ஏறக்குறைய 80. கறுப்புச் சாக்லேட்டிலும், சில தலைவலி மாத்திரைகளிலும் அது உண்டு. காஃபீன் நீக்கிய காப்பியிலும் சிறிது மிஞ்சியிருக்கும்.

எனவே பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முன் அரை மணி நேரமாவது இவற்றைத் தொடாதீர்கள். இல்லையேல் கருவி உங்கள் உண்மையான அழுத்தத்தைக் காட்டாது. “காப்பி குடிப்பீர்களா?” என்று டாக்டர் கேட்டால் ‘இல்லை’ என்று நிறுத்தாமல், மற்றவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். முகமூடியைக் கழற்றுவது இனி உங்கள் வேலை!