முடிவும் நிறுத்தமும்

கதையின் முடிவு திறந்திருந்தால் நவீனம், மூடியிருந்தால் பழசு என்றொரு வாய்ப்பாடு நம்மிடையே வெகுநாளாகப் புழங்கிவருகிறது. இதைச் சந்தேகிக்க எனக்கு உதவியவை, மேல்நாட்டு டெலிவிஷனில் வருஷக்கணக்கில் ஓடிய விஞ்ஞானக் கதைத் தொடர்கள். நாவலாசிரியன் தன் கடைசிப் பக்கத்தைத் தானே தீர்மானிக்கிறான். தொடர் எழுதுகிறவனுக்குப் பெரும்பாலும் அந்த உரிமை கிடையாது. எப்போது முடிப்பது என்பது நிலைய நிர்வாகத்தின் விஷயம். ஆகவே முடிவு என்பதன் சுபாவம் அங்கே அப்பட்டமாகத் தெரிகிறது.

அமெரிக்காவில் என்.பி.சி. 1966 செப்டம்பரில் ஆரம்பித்த ‘ஸ்டார் டிரெக்’, தன் கப்பலின் பயணம் ஐந்தாண்டுக்கானது என்று வாராவாரம் சொல்லிக்கொண்டது. மூன்றாம் ஆண்டோடு நிறுத்திவிட்டார்கள். 1969 ஜூன் 3-இல் ஒளிபரப்பான 79-ஆவது கதை, கப்பல் தலைவனின் உடலுக்குள் ஒரு பெண் புகுந்துகொள்வதைப் பற்றிய தனிக்கதை. பயணம் என்னவாயிற்று என்பதற்கு அதில் பதில் இல்லை. இதைத் திறந்த முடிவு என்று கொள்ள முடியாது. இது வெறும் நிறுத்தம்.

பி.பி.சி.யில் 1978 ஜனவரியில் தொடங்கிய ‘பிளேக்ஸ் செவன்’ வேறு ரகம். டெரி நேஷன் உருவாக்கியது. சர்வாதிகார ஆட்சியை எதிர்க்கும் பிளேக். அவனோடு சேர நேர்ந்த குற்றவாளிகள். அவர்களில் பிளேக்கின் லட்சியத்தை ஒருபோதும் முழுதாக ஏற்காத ஏவன். 1980 மார்ச்சில் மூன்றாம் பகுதி அவர்களது கப்பலின் அழிவோடு முடிந்தது. முடிவாகவே எழுதப்பட்ட முடிவு அது. ஆனால் அன்றைய ஒளிபரப்பின் இறுதியிலேயே நான்காம் பகுதி வரும் என்று அறிவித்துவிட்டார்கள்.

1981 டிசம்பர் 21-இல் வந்த 52-ஆவது கதைதான் கடைசி. எழுதியவர் கிறிஸ் பௌச்சர். பிளேக் தங்களை விற்றுவிட்டான் என்று நம்பி ஏவன் அவனைச் சுடுகிறான். பிளேக் யாரையும் விற்கவில்லை. காவலர்கள் நுழைகிறார்கள். தோழர்கள் ஒவ்வொருவராக விழுகிறார்கள். பிளேக்கின் உடல்மேல் கால் பரப்பி நின்று ஏவன் துப்பாக்கியை உயர்த்துகிறான், புன்னகைக்கிறான். காட்சி அறுபடுகிறது. பெயர்ப்பட்டியலின்மேல் வெடிச்சத்தம் மட்டும்.

பிளேக்காக நடித்த கேரத் தாமஸ் இரண்டாம் பகுதிக்குப் பின் விலகியவர். தன் பாத்திரம் சந்தேகமின்றிச் சாக வேண்டும் என்ற நிபந்தனையோடு திரும்பி வந்தார். ஆகவே பிளேக்கின் உடம்பில் ரத்தம். மற்றவர்கள் விழுவதோடு சரி, ரத்தம் இல்லை. இன்னொரு பகுதி வந்தால் எழுந்துகொள்ளலாம். ஒரே காட்சியில் ஒரு மூடலும் ஒரு திறப்பும். இரண்டுக்கும் காரணம் நடைமுறை. அப்படியிருந்தும் இது கலை என்கிறேன். ஏவன் பிழைத்தானா என்ற நிகழ்ச்சிதான் இங்கே திறந்திருக்கிறது. நம்பிக்கை இல்லாதவர்கள் சேர்ந்து ஒரு புரட்சி செய்யமுடியுமா என்ற கேள்வி அந்தக் குண்டோடு முடிந்துபோயிற்று.

இதற்கு நேர் எதிர், ஸ்ட்ராசின்ஸ்கியின் ‘பாபிலோன் 5’. ஐந்தாண்டுக் கதையாகவே திட்டமிடப்பட்டது. 110 கதைகளில் 92 அவரே எழுதியவை. நான்காம் ஆண்டோடு நின்றுவிடும் என்ற நிலையில் இறுதிக் கதையை முன்கூட்டியே படமாக்கிவிட்டார். ஐந்தாம் ஆண்டு கிடைத்ததும் அதை எடுத்து வைத்தார்கள். 1998 நவம்பர் 25-இல் வெளிவந்தது. அதில் அந்த விண்வெளி நிலையத்தையே தகர்க்கிறார்கள். அதற்குமுன் கடைசி விளக்கை அணைக்கும் ஊழியராக நடித்தவர் ஸ்ட்ராசின்ஸ்கியேதான். இத்தனை இறுக மூடிய முடிவைப் பழசு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நிர்வாகம் நிறுத்துவதற்குமுன் தானே முடிக்கவேண்டும் என்ற ஒருவனின் பிடிவாதம் அது.

ஆகவே திறப்பு, மூடல் என்ற பாகுபாடே மேலோட்டமானது. தான் எழுப்பிய கேள்வியைப் படைப்பு கடைசிவரை எதிர்கொண்டதா என்பதுதான் அளவுகோல். எதிர்கொள்ளாமல் மூன்று புள்ளி வைத்து நிறுத்திய நம் கதைகள் எத்தனை என்று எண்ணிப்பார்ப்பது நல்லது. ‘ஸ்டார் டிரெக்’கை நிறுத்தியது நிர்வாகம். நமக்கு அந்தச் சாக்கும் இல்லை.