திரையில் தந்திரக் காட்சியும் ஒலிச் சேர்க்கையும்

கணினியின் முன் அமர்ந்து, ஒரு காட்சியை மெல்ல இருளில் மறையச் செய்யவும், ஒருவர் குரலைக் குகையினுள் எழுவதுபோல எதிரொலிக்கச் செய்யவும் இன்று பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். அவர்கள் கையாளும் மென்பொருளிற் காணப்படும் இவ்வசதிகள் யாவும் முன்னையோர் கையாற் செய்த வேலைகளே.

பாரிஸ் நகரில் செப்பிடுவித்தை அரங்கொன்றை நடத்தியவர் ஜோர்ஜ் மெலியே. 1896 ஆம் ஆண்டில் அவர் தெருவொன்றைப் படம்பிடிக்கையில் கமரா சிறிது நேரம் நின்றுபோயிற்று. படத்தைத் திரையிலிட்டுப் பார்த்தபோது, ஓடிக்கொண்டிருந்த பயணிகள் வண்டி பிரேத வண்டியாக மாறியிருந்தது! அவரே பிற்காலத்திற் கூறிய கதை இது. வித்தைக்காரர் சொல்லாதலின் சற்றே மெருகேறியிருக்கவுங் கூடும். எவ்வாறாயினும், அவ்வாண்டிலேயே பெண்ணொருத்தியை இமைப்பொழுதில் மறையச் செய்யும் படத்தை அவர் எடுத்துவிட்டார்.

ஒரு காட்சி மங்க மற்றொன்று அதனூடே தோன்றுவதும் முதலிற் கமராவினுள்ளேயே நிகழ்ந்தது. வில்லையின் துவாரத்தை மெல்ல மூடி, படச்சுருளை எண்ணிப் பின்னோக்கிச் சுற்றி, அடுத்த காட்சிக்கு மெல்லத் திறத்தல் வேண்டும். எண்ணிக்கை பிசகின் இரு காட்சிகளுங் கெடும். இன்றுள்ளதுபோலச் செய்ததை மீட்கும் பொத்தான் அன்றில்லை.

தமிழிற் கதாநாயகன் இரட்டை வேடம் பூண்ட முதற் படம் எனப் போற்றப்படுவது 1940 இல் வெளியான 'உத்தம புத்திரன்'. சேலம் மொடேர்ண் தியேட்டர்ஸ் ரி. ஆர். சுந்தரம் உருவாக்கிய அப்படத்திற் பி. யு. சின்னப்பா இருவராகத் தோன்றினார். இத்தகைய காட்சிகளுக்கு அக்காலத்தில் வழங்கிய முறை, வில்லையின் ஒரு பாதியை மறைத்துப் படம்பிடித்து, சுருளைத் திருப்பி, மறு பாதியை மறைத்து மீண்டும் பிடிப்பதாகும். நடிகர் வெறும் வெளியை நோக்கி வசனம் பேசவேண்டும். கண் பார்க்கும் திசை இம்மியளவு தவறினாலும் பொய் வெளிப்பட்டுவிடும். 1957 இல் வந்த 'மாயாபஜார்' படத்தில், கடோத்கசனாக நடித்த ரங்காராவின் வாய்க்குள் லட்டுகள் தாமாகவே பறந்து செல்வதைக் கண்டு இன்றுஞ் சிறுவர் கைகொட்டுகின்றனர். கணினியின் துணையின்றி மார்க்கஸ் பார்ட்லியின் கமரா செய்த விந்தை அது.

ஒலியின் கதை வேறு. 1931 இல் 'காளிதாஸ்' வந்த காலத்தில் நடிப்பவரே பாடவும் வேண்டியிருந்தது. 1938 இல் மெய்யப்பச் செட்டியார் 'நந்தகுமார்' படத்தில், நடிகையொருவரின் பாட்டுத் திருப்தி தராமையால், லலிதா வெங்கட்ராமனின் குரலைத் தனியே பதிவு செய்து இணைத்தார். உருவம் ஒருவரது, குரல் மற்றொருவரது என்னும் வழக்கம் பின்னர் வேரூன்றியது.

வானொலியிலோ ஒலியே காட்சி. சிரட்டைகளைத் தட்டினாற் குதிரை ஓடும். தகரத்தை அசைத்தால் இடி முழங்கும். எதிரொலி வேண்டின், வெற்றறையில் ஒலிபெருக்கியும் ஒலிவாங்கியும் வைத்துக் குரலை அங்கே உலவவிட்டு மீளப் பிடிப்பர். இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்', சானாவின் 'லண்டன் கந்தையா' முதலிய நாடகங்களைக் கேட்டவர்களுக்கு யாழ்ப்பாணத்து முற்றம் காதின் வழியே தோன்றிற்று. 1990 இன் பின் மின்சாரமற்றிருந்த எம் குடாநாட்டிலே, துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட எம்போன்றோர்க்கு, ஒலி எத்துணை அரிய பொருள் என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அவ்வாண்டில் தெல்லிப்பழையிலிருந்தும் அயலூர்களிலிருந்தும் மக்கள் இடம்பெயர்ந்தனர். மீள்குடியேற்றம் பல்லாண்டுகளின் பின் பகுதி பகுதியாகவே நிகழ்ந்தது. வீடுகள் அழிந்தவிடத்தும், திருமண வீடியோ நாடாக்கள் சில பெட்டிகளோடு ஊரூராகச் சென்று தப்பின. இப்போது அவற்றைக் கணினிக்கு மாற்றி, இளைஞர் 'இரைச்சல்' நீக்குகின்றனர். எவரும் பேசாத ஒரு கணத்தின் ஒலியை மாதிரியாகக் கொண்டு, அதற்கொத்த ஒலியை நாடா முழுவதிலுமிருந்து மென்பொருள் கழித்துவிடும். நாடாவின் சீற்றம் நீங்குவது நன்றே. ஆனால் இடையறாது ஒலிக்கும் தோட்டத்து நீரிறைக்கும் யந்திரமும் மென்பொருளுக்கு இரைச்சலே. அதுவும் உடன் போய்விடுகிறது.

ஆகவே எம் மாணவர்க்கு நான் வகுத்த விதி ஒன்றுண்டு. நாடாவின் முதற் பிரதியைத் தொடாது, ஆண்டும் இடமுங் குறித்து வைத்துவிட வேண்டும்; அலங்காரமெல்லாம் இரண்டாம் பிரதியிலேதான். சென்ற ஆண்டு அவ்வாறு வைத்த முதற் பிரதியொன்றை ஊர் முதியவர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினோம். மணமக்களை அவர் அதிகம் நோக்கவில்லை. பின்னணியில் ஒலித்த யந்திரத்திற்குச் செவிகொடுத்து, அது எந்தக் கிணற்றடியில் நின்றதென்று சொன்னார். அக்கிணறு இப்பொழுது தூர்ந்து கிடக்கின்றது.