முதியோர் உடற்பயிற்சிக் கடுமை

நெடுநாள் உட்கார்ந்தே பழகிய முதியவர் நடை முதலான பயிற்சிகளைத் தொடங்கும்போது உடலுக்கு எவ்வளவு சுமை தரலாம் என்னும் அளவு. குறைந்தால் பயன் சுருங்கும். மிகுந்தால் முட்டிவலியோ தலைசுற்றலோ வந்து சில நாளிலேயே பயிற்சி நின்றுபோகும்.

அளவிடும் முறைகள்

நாடித் துடிப்பைக் கொண்டு அளப்பதே பழைய வழி. ஃபின்லாந்து உடலியலாளர் மார்ட்டி கார்வோனன் 1957இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த கணக்கில், உச்சத் துடிப்பிலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்து, மிச்சத்தில் ஒரு பங்கை ஓய்வுத் துடிப்போடு கூட்டுவர். 70 வயதானவரின் ஓய்வுத் துடிப்பு 76, உச்சம் 150 என்றால் மிச்சம் 74. மிதமான பயிற்சிக்குரிய 40 முதல் 60 விழுக்காடு என்பது அவருக்கு நிமிடத்துக்கு 106 முதல் 120 துடிப்பு வரை.

உச்சத் துடிப்பை 220இலிருந்து வயதைக் கழித்துக் காணும் சூத்திரம் 1971இல் ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கெல் எழுதிய கட்டுரையால் பரவியது. அது துல்லியமான அளவீட்டில் பிறந்ததன்று; பல ஆய்வுகளின் எண்களைச் சேர்த்துக் கண்மதிப்பாக இழுத்த கோடு. வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்கும் தனாக்காவின் சூத்திரம் (2001) அதே 70 வயதினருக்கு 159 என்று காட்டும். அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுவோருக்கு நாடி உயர்வதே மட்டுப்படுவதால் இரண்டு கணக்கும் பொருந்தா.

சுவீடன் உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த, பயிற்சி செய்பவர் தாம் உணரும் கடுமைக்குத் தாமே எண் தரும் அளவுகோல் இக்குறையைத் தீர்த்தது. 6இல் தொடங்கி 20இல் முடியும் அதில் எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ இளைஞரின் நாடித் துடிப்பு கிடைக்கும். முதியவர்க்கு இந்தப் பெருக்கல் சரிவராது. ஆயினும் 12, 13 என்று அவர் சொல்லும் உணர்வு மிதமான கடுமையைச் சரியாகவே காட்டும். இதனினும் எளியது பேச்சுச் சோதனை: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நாடி எண்ணத் தெரியாதவரும் தம் இளைப்பை அறிவார்.

வேகத்தை மட்டும் பார்ப்பது தவறான வழி. ஓய்வில் செலவாகும் ஆக்சிஜனைப் போல மூன்று மடங்கு கேட்கும் நடை, இளைஞருக்கு உலாவல். ஐந்து மடங்குக்கு மேல் தாங்காத உடலுக்கோ அது வலுவில் பாதியைக் கடந்த வேலை.

தாமிரபரணிப் பகுதி

சேரன்மகாதேவி, பத்தமடை, முக்கூடல் வட்டாரத்தில் பெண்கள் பலர் பீடி சுற்றியும் கோரைப்பாய் நெய்தும் வாழ்நாளைக் கழித்தவர்கள். கை ஓயாத வேலை, ஆனால் உட்கார்ந்த வேலை. கன்னடியன் கால்வாய்ப் பாசன வயலில் நடவு நட்டவரையும் இவரையும் வயதை மட்டும் பார்த்து ஒரே வேகத்தில் நடக்கச் சொல்வது பொருந்தாது. பீடி சுற்றியவர் தெருக்கோடி வரை பத்து நிமிடம், வெயில் ஏறுமுன் நடந்து தொடங்கலாம்; இளைப்பு குறையக் குறைய நேரத்தை முதலில் கூட்டி, வேகத்தைப் பிறகு கூட்டுவது முறை. நெஞ்சில் இறுக்கமோ கண் இருட்டலோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மருத்துவராயிருந்து துறவியான சுவாமி சிவானந்தர் 1887இல் பத்தமடையில் பிறந்தவர். ஆசனங்களைப் பற்றி நூல்கள் எழுதினார். ஆசனம் சமநிலைக்கு நல்லது. மிதமான கடுமையை அது எட்டுவது குறைவு என்பதால் நடைக்கு மாற்றாகாது.

தற்போதைய நிலை

உலகச் சுகாதார நிறுவனம் (2020) 65 வயதுக்கு மேற்பட்டோர்க்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியும், மூன்று நாளாவது சமநிலை, தசைவலுப் பயிற்சியும் பரிந்துரைக்கிறது. 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் தமிழகத்தின் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுத்தது. புதிதாகத் தொடங்கும் முதியவர்க்கு அது நீளம். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது.