தமிழ் இணையதளப் பட்டிப் பொத்தான்களின் வரலாறு

இணையதளப் பட்டிப் பொத்தான் என்பது ஓர் இணையப் பக்கத்தின் தலைப்பகுதியிலோ ஓரத்திலோ அமைந்து, அழுத்தியதும் வேறொரு பக்கத்துக்கு இட்டுச்செல்லும் உறுப்பு ஆகும். சுட்டி தன்மேல் வரும்போதும் தான் அழுத்தப்படும்போதும் நிறத்தையோ வடிவத்தையோ மாற்றிக் காட்டுவதால் இது ஊடாடும் பொத்தான் எனப்படுகிறது. தமிழ் இணையதளங்களில் இப்பொத்தான்கள் தொடக்கத்தில் படங்களாகவே இருந்தன. பின்னர் படிப்படியாக எழுத்துகளாக மாறின. தோற்றத்தை அழகுபடுத்தியதோடு இம்மாற்றம் நிற்கவில்லை. யார் அந்தப் பொத்தானைப் படிக்கவும் அழுத்தவும் முடியும் என்பதையும் அதுவே முடிவு செய்தது. மென்பொருள் உருவாக்கும் ஊராகவும் புதிய மாவட்டத் தலைநகராகவும் வளர்ந்துள்ள தென்காசிப் பகுதியில் இந்த வரலாற்றின் அண்மைக்காலப் பகுதியைக் காணலாம்.

சொல்லும் பொருளும்

'மெனு' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இணையாகப் பட்டி, பட்டியல், நிரல் ஆகிய சொற்கள் தமிழில் வழங்குகின்றன. பட்டியில் இடம்பெறும் பொத்தானுக்குப் பொதுவாக நான்கு நிலைகள் உண்டு. தொடப்படாத இயல்பு நிலை, சுட்டி மேலே வந்த நிலை, விசைப்பலகையால் தேர்ந்தெடுக்கப்பட்ட நிலை, அழுத்தப்பட்ட நிலை என்பன அவை. ஒவ்வொரு நிலைக்கும் பின்னணி நிறம், எழுத்தின் நிறம், எல்லைக்கோடு, மூலையின் வளைவு, உள்ளிடைவெளி முதலியவற்றை வகுப்பதே பொத்தானின் தோற்றத்தை அமைத்தல் எனப்படுகிறது.

படமாக வந்த பொத்தான்

உலகளாவிய வலையின் முதல் இணையதளத்தை டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் அமைத்தார். அக்காலப் பக்கங்களில் பட்டி என்று தனியாக எதுவும் இல்லை. அடிக்கோடிட்ட இணைப்புகளே இருந்தன. 1995இன் இறுதியில் நெட்ஸ்கேப் நிறுவனம் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை அறிமுகப்படுத்தியது. 1996இல் வெளியான நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 3இல், திரையில் உள்ள படத்தை அந்த மொழியின் வழியாக வேறொரு படமாக மாற்ற முடிந்தது. ஒரு பொத்தானுக்கு இரண்டு படங்களை வரைந்து, சுட்டி மேலே வரும்போது ஒன்றை எடுத்து மற்றொன்றை வைக்கும் முறை இவ்வாறு உருவானது.

ஆங்கிலத் தளங்கள் அழகுக்காக இம்முறையைப் பின்பற்றின. தமிழ்த் தளங்களுக்கு அது தேவையாகவே இருந்தது. அந்நாளைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. எந்த இடத்தில் எந்த எழுத்து என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறியது. படிப்பவரின் கணினியில் அதே எழுத்துரு இல்லையெனில் திரையில் பொருளற்ற குறிகளே தோன்றின. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்து டாம், டாப் குறியேற்றங்களைத் தமிழ்நாடு அரசு தரப்படுத்தியது. இணைய மடற்குழுக்களில் திஸ்கி குறியேற்றம் வழங்கியது. ஆயினும் எழுத்துருவை முதலில் இறக்கி நிறுவிக்கொள்ள வேண்டிய நிலை நீங்கவில்லை.

எழுத்துருவை இறக்கும் பக்கத்துக்கு வாசகர் போக வேண்டும் என்றாலும் அதற்கான பொத்தானை அவர் முதலில் படிக்க வேண்டும். எனவே கட்டுரையின் உடலை எழுத்துருவில் அமைத்தவர்களும் பட்டியைப் படமாகவே வைத்தனர்.

இதற்குக் கொடுத்த விலை காத்திருப்பு ஆகும். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தொலைபேசி வழி இணைப்பின் உச்ச வேகம் நொடிக்கு 56 கிலோபிட், அதாவது ஏறத்தாழ 7 கிலோபைட். எட்டுப் பொத்தான்களுக்கு இரண்டிரண்டு படங்களும் ஒவ்வொன்றும் 3 கிலோபைட்டும் எனக் கொண்டால் மொத்தம் 48 கிலோபைட். பட்டி மட்டும் வந்துசேரவே ஏழு நொடிகள் ஆகும். நடைமுறையில் வேகம் இதைவிடக் குறைவாக இருந்ததால் காத்திருப்பு இன்னும் நீண்டது.

ஃபிரண்ட்பேஜ் காலம்

நிரல் எழுதத் தெரியாதவரும் பொத்தானின் தோற்றத்தை மாற்றலாம் என்ற நிலையை இணையதள உருவாக்க மென்பொருள்கள் ஏற்படுத்தின. அவற்றுள் பரவலாக அறியப்பட்டது ஃபிரண்ட்பேஜ். வெர்மீர் டெக்னாலஜீஸ் நிறுவனம் உருவாக்கிய இதை 1996இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. ஃபிரண்ட்பேஜ் 98இல் இருந்த 'ஹோவர் பட்டன்' ஜாவா குறுநிரலால் இயங்கியது. ஃபிரண்ட்பேஜ் 2003இல் அதன் இடத்தில் 'இன்டராக்டிவ் பட்டன்' என்னும் வசதி வந்தது.

இவ்வசதியில் முதலில் ஒரு பொத்தான் வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு அதன்மேல் எழுத வேண்டிய சொல், எழுத்துரு, அளவு ஆகியவற்றைத் தர வேண்டும். இயல்பு நிலை, சுட்டி மேலே வந்த நிலை, அழுத்தப்பட்ட நிலை ஆகிய மூன்றுக்கும் எழுத்தின் நிறத்தைத் தனித்தனியே குறிக்கலாம். மென்பொருள் மூன்று படங்களை உருவாக்கி, அவற்றை மாற்றிக் காட்டும் நிரலையும் தானே எழுதிவிடும். படங்கள் தளத்தை அமைப்பவரின் கணினியில் உருவானதால், அங்கிருந்த தமிழ் எழுத்துருவே போதுமானதாக இருந்தது.

ஆனால் படமாகிய சொல்லைத் தேடுபொறியால் படிக்க முடியாது. மாற்று விளக்கம் தரப்படாவிட்டால், பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் திரைவாசிப்பானாலும் படிக்க இயலாது. உருப்பெருக்கினால் எழுத்தின் ஓரங்கள் சிதையும். பட்டியில் ஒரு சொல்லை மாற்றினால் எல்லா நிலைகளுக்கும் படத்தை மீண்டும் உருவாக்க வேண்டும். ஃபிரண்ட்பேஜ் மென்பொருளை மைக்ரோசாஃப்ட் 2006இல் கைவிட்டது.

எழுத்து வேறு, தோற்றம் வேறு

பக்கத்தின் பொருளையும் தோற்றத்தையும் பிரித்து எழுத வேண்டும் என்ற கருத்தை 1994இல் ஹோகோன் வியும் லீ முன்வைத்தார். அவரும் பெர்ட் போஸும் வகுத்த சி.எஸ்.எஸ். நடைத்தாள் மொழியின் முதல் பதிப்பு 1996 டிசம்பரில் பரிந்துரையாக வெளிவந்தது. 1998இல் வந்த இரண்டாம் பதிப்பு, சுட்டி மேலே வந்த நிலைக்கும் விசைப்பலகையால் தேர்ந்த நிலைக்கும் தனி விதிகளைத் தந்தது. இதனால் படம் ஏதுமின்றி, இரண்டு மூன்று வரிகளிலேயே பொத்தானின் நிறமாற்றத்தை எழுத முடிந்தது. எனினும் 2001இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6, சுட்டி விதியை இணைப்புகளுக்கு மட்டுமே ஏற்றது. பிற உறுப்புகளுக்கும் அதை ஏற்றது 2006இல் வந்த ஏழாம் பதிப்புதான்.

தமிழுக்கு இதனுடன் மற்றொரு படியும் தேவைப்பட்டது. ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றிருந்தாலும், விண்டோஸ் இயங்குதளத்தில் ஒருங்குறித் தமிழுக்கான ஆதரவும் லதா எழுத்துருவும் விண்டோஸ் 2000இல்தான் வந்தன. எக்ஸ்.பி. பதிப்பில் அந்த ஆதரவைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. நிறுவாத கணினிகளில் 'கொ' போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் இடம் மாறித் தோன்றின. 2010இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தன் தரமாக அறிவித்தது. அதே காலத்தில் உலாவிகள் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே இறக்கிக்கொள்ளத் தொடங்கின. சஃபாரி 2008இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2009இலும் இவ்வசதியைத் தந்தன. எழுத்துரு இல்லை என்ற காரணத்தால் பட்டியைப் படமாக வைக்க வேண்டிய தேவை இத்துடன் முடிந்தது.

பட்டி மென்பொருள்களும் தொடுதிரையும்

2003இல் தொடங்கிய வேர்ட்பிரஸ், 2010இல் வெளியிட்ட 3.0 பதிப்பில் பட்டிகளை அமைக்கும் தனிப் பகுதியைச் சேர்த்தது. சொற்களைச் சேர்க்கவும், இழுத்து வரிசை மாற்றவும், ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கவும் அதில் முடிந்தது. தோற்றத்தைத் தளத்தின் வார்ப்புரு கவனித்துக்கொண்டது. 2011இல் ட்விட்டர் நிறுவனத்திலிருந்து வந்த பூட்ஸ்டிராப் தொகுப்பு, ஆயத்த நிறங்களும் வளைந்த மூலைகளும் கொண்ட பொத்தான்களைப் பரப்பியது. பல தளங்கள் ஒன்றுபோல் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

2007க்குப் பின் பரவிய தொடுதிரைக் கைபேசிகள் பழைய விதியொன்றை மாற்றின. விரலுக்குச் 'சுட்டி மேலே வந்த நிலை' கிடையாது. தொடுதல் உண்டு, தொடாமை உண்டு. சுட்டி மேலே வந்தால் மட்டும் விரியும் பட்டிகள் கைபேசியில் விரியாமல் போயின. இடம் போதாததால் முழுப் பட்டியும் மூன்று கிடைக்கோடுகள் கொண்ட குறிக்குள் மறைந்தது. இக்குறி 1981இல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்தது. அறியாதவருக்கு அந்தக் கோடுகள் எதையும் சொல்வதில்லை. அருகில் 'பட்டியல்' என்ற சொல்லையும் சேர்ப்பது புதிய பயனருக்கு உதவும்.

தமிழுக்கே உரிய சிக்கல்கள்

ஆங்கிலத்தை மனத்தில் வைத்து வகுத்த பொத்தானில் தமிழை இடும்போது பல இடர்கள் எழுகின்றன. முதலாவது அகலம். ஆங்கிலத்தில் 'டெண்டர்ஸ்' ஏழு எழுத்து. தமிழில் 'ஒப்பந்தப்புள்ளிகள்' பதினொரு எழுத்து. ஆங்கில 'ஹோம்', தமிழ் 'முகப்பு' இரண்டுக்கும் நான்கெழுத்துதான் என்றாலும் தமிழெழுத்துகள் அகலமானவை. பொத்தானின் அகலத்தை நிலையாக வைத்தால் சொல் வெட்டுப்படும் அல்லது இரண்டாம் வரிக்கு இறங்கும். அகலத்தை எழுத்தின் நீளத்துக்கு விட்டு, இருபுறமும் உள்ளிடைவெளி மட்டும் தருவதே தீர்வு.

இரண்டாவது உயரம். 'கீ', 'பி' ஆகியவற்றின் மேல்விலங்கும் 'கு', 'நூ' ஆகியவற்றின் கீழ்ப்பகுதியும் வரியின் உயரத்தைக் கூட்டுகின்றன. வரி உயரம் குறைவாக இருந்தால் இவை அறுபடும். ஒரு புள்ளி மறைந்தாலே மெய் உயிர்மெய்யாகிவிடும் என்பதால் இது பொருளையே மாற்றும் பிழை. மூன்றாவது தடிப்பு. தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவை உலாவி தானே தடிமனாக்கும்போது 'ண', 'இ' போன்றவற்றின் உள்வெளிகள் அடைபடும். நோட்டோ சான்ஸ் தமிழ், கேடமரன், முக்த மலர் போன்ற எழுத்துருக்களில் பல தடிப்புகள் இருப்பதால் இக்குறை நேராது.

தென்காசியில்

குற்றாலம் மலையடிவாரத்தை ஒட்டிய மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011இல் அலுவலகம் தொடங்கியது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் உருவான இந்நிறுவனம் 2009இல் ஜோஹோ என்று பெயர் மாறியது. 2016இல் வெளியான வாடிக்கையாளர் சேவை மென்பொருளான ஜோஹோ டெஸ்க், மத்தளம்பாறை அலுவலகத்தோடு இணைத்துப் பேசப்படுவது. அதை வாங்கும் நிறுவனங்கள் தம் உதவிப் பக்கத்தின் நிறம், பட்டி, பொத்தான் ஆகியவற்றை நடைத்தாள் விதிகளால் மாற்றிக்கொள்ளலாம். வேறு நாட்டு நிறுவனமொன்றின் உதவிப் பக்கத்தில் ஒரு பொத்தான் எப்படித் தோன்றலாம் என்பதற்கான வசதி, இவ்வாறு தென்காசியோடு தொடர்புடையதாயிற்று.

2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமாகத் தொடங்கப்பட்டது. மாவட்ட நிர்வாகத்துக்குத் தனி இணையதளமும் அமைந்தது. மாவட்ட இணையதளங்களுக்காகத் தேசிய தகவலியல் மையம் 'எஸ்3வாஸ்' என்னும் பொதுக் கட்டமைப்பை வைத்துள்ளது. ஆயத்த வார்ப்புருவையும் வண்ணத் தொகுப்பையும் தேர்ந்தெடுத்துத் தளத்தை அமைக்கும் முறை இது. தமிழ், ஆங்கிலம் என மொழி மாற்றவும், எழுத்தைப் பெரிதாக்கவும், நிற மாறுபாட்டைக் கூட்டவும் இதில் பொத்தான்கள் உள்ளன. இதன் பட்டிச் சொற்கள் படங்கள் அல்ல, எழுத்துகளே. ஊர்ப்பெயரோ துறைப்பெயரோ மாறினால் ஒரு சொல்லைத் திருத்தினால் போதும். படப் பொத்தான்களின் காலத்தில் மாவட்டப் பிரிவினை நடந்திருந்தால் பழைய பெயர் வந்த ஒவ்வொரு பொத்தானையும் புதிதாக வரைய வேண்டியிருந்திருக்கும்.

அணுகல் விதிகள்

பொத்தானின் தோற்றம் விருப்பத்துக்கு மட்டும் உரியதல்ல என்பதை அணுகல்தன்மை விதிகள் நிலைநாட்டின. 2008இல் வெளியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.0 நெறிமுறை, இயல்பான அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி மாறுபாட்டைக் கோருகிறது. வெள்ளைமேல் கறுப்பு 21க்கு 1. ஆரஞ்சுமேல் வெள்ளை ஏறத்தாழ 2க்கு 1 மட்டுமே. 2023இல் வந்த 2.2 பதிப்பு, அழுத்தும் இடம் குறைந்தது 24க்கு 24 படப்புள்ளி இருக்க வேண்டும் என்கிறது. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி நெறிகள் 2009இல் முதலில் வெளிவந்தன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அணுகலைச் சட்டப்படியான உரிமையாக்கியது.

இவ்விதிகளை மீறும் பொதுவான பிழை ஒன்று உண்டு. விசைப்பலகையால் தேர்ந்தெடுக்கும்போது பொத்தானைச் சுற்றி உலாவி காட்டும் கோட்டை, அழகாக இல்லை என்று கருதி நீக்கிவிடுவது அது. சுட்டியைப் பிடிக்க இயலாதவருக்குத் தாம் பட்டியில் எங்கே நிற்கிறோம் என்பதைக் காட்டுவது அந்தக் கோடுதான். அதை நீக்குவதற்கு மாறாக, தளத்தின் நிறத்துக்கேற்ற தெளிவான கோடாக மாற்றி அமைக்கலாம்.

மதிப்பீடு

படமாக இருந்த பொத்தான் தமிழெழுத்தைக் கண்ணுக்கு மட்டும் காட்டியது. எழுத்தாக மாறிய பொத்தானைத் தேடுபொறி கண்டறிகிறது, திரைவாசிப்பான் ஒலிக்கிறது, வெள்ளெழுத்து உள்ள முதியவர் பெரிதாக்கிப் படிக்கிறார். சான்றிதழ், உதவித்தொகை, பட்டா போன்ற அரசுச் சேவைகள் இணையத்துக்கு வந்துவிட்ட நிலையில், படிக்க முடியாத பொத்தான் ஒருவரை மீண்டும் அலுவலக வரிசைக்கோ இடைத்தரகரிடமோ அனுப்புகிறது. நிறத்தையும் வளைவையும் தேர்ந்தெடுக்கும் வசதி இன்று எல்லா மென்பொருள்களிலும் எளிதாகக் கிடைக்கிறது. தமிழ்ச் சொல்லின் அகலமும் புள்ளியின் இடமும் அவ்வாறு தானாகக் கவனிக்கப்படுவதில்லை. தளத்தை அமைப்பவரே அவற்றைத் தமிழில் எழுதிப் பார்த்து, கைபேசியிலும் விசைப்பலகையிலும் சோதித்துச் சரிசெய்ய வேண்டியுள்ளது.