அப்பம் (யாழ்ப்பாணம்)

அப்பம், புளிக்கவைத்த பச்சையரிசி மாவைக் குழிந்த சட்டியில் வார்த்துச் சுடும் பண்டம். நடுப்பகுதி மெத்தென்றும் கரை மெல்லியதாய் முறுகியும் இருக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இது காலை உணவாகவும் மாலைப் பலகாரமாகவும் வீடுகளில் சுடப்படுகிறது. வீட்டுப் படலையடியிலும் தெருவோரக் கடைகளிலும் விற்கவும்படுகிறது. நடுவில் தேங்காய்ப்பால் விட்டுச் சுடுவது பாலப்பம். முட்டை உடைத்து ஊற்றுவது முட்டையப்பம்.

தொன்மை

பழந்தமிழ் நூல்கள் அப்ப வணிகரைக் கூவியர் என்கின்றன. மதுரைக்காஞ்சியின் இரவுக் காட்சியில் தேனடை போன்ற மெல்லடையும் மோதகமும் விற்கும் கூவியர் இருந்தபடியே உறங்குகின்றனர். பெரும்பாணாற்றுப்படை, பாகும் பாலும் சேர்ந்த வட்டமான பண்டத்தை அவர்களோடு சேர்த்துச் சொல்கிறது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் கூவியரையும் கள் விற்கும் பெண்களையும் அடுத்தடுத்து நிறுத்துகிறது. தேனடை உவமையைக் கொண்டு மெல்லடையைப் புளித்த மாவில் சுட்ட, கண்கண்ணான பண்டமாகக் கருதலாம். பாகைக் கொண்டு அந்த வட்டப் பண்டத்தை இன்றைய இனிப்புப் பணியாரங்களின் முன்னோடியாகவும் கொள்ளலாம். கள்ளிட்ட மாவைப் பற்றி இவ்விடங்களில் பேச்சில்லை.

கேரளத்துக் கள்ளப்பத்தோடும் சிங்களவரின் ஆப்பவோடும் யாழ்ப்பாண அப்பத்துக்கு உள்ள நெருக்கம் வெளிப்படை. எது எதிலிருந்து வந்தது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. அப்பத்தோடு உண்ணும் இடித்த சம்பலின் செத்தல் மிளகாய், 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வழியே இப்பகுதிக்கு வந்த அமெரிக்கப் பயிர்.

கள்ளும் மாவும்

ஈஸ்ட் கடைச்சரக்காகப் பரவும்வரை யாழ்ப்பாணத்து அப்பமாவைப் பொங்கவைத்தது பெரும்பாலும் பனங்கள்ளே. வில்லியம் பெர்குசன் 1850இல் கொழும்பில் வெளியிட்ட பனை பற்றிய நூல், பனையின் பயன்கள் 801 என்று எண்ணும் தாலவிலாசம் என்னும் பாடலை எடுத்துக்காட்டுகிறது. அப்பமாவைப் பொங்கவைப்பது பனையின் பயன்களுள் எளிய ஒன்று. ஆனால் நாள்தோறும் பயன்பட்டது.

பாளையைச் சீவி முட்டி கட்டினால் இறங்கும் சாறு, காற்றிலும் முட்டியிலும் உள்ள நுண்ணுயிர்களால் சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறங்குவது கருப்பநீர். அது புளிக்காது, ஆதலால் மாவுக்கும் உதவாது. பனை ஆண்டு முழுதும் சுரப்பதில்லை. பனங்கள் கிடைக்காத மாதங்களில் தென்னங்கள் கைகொடுத்தது.

மாத் தயாரிப்பு முதல்நாளே தொடங்கும். ஊறவைத்து வடித்த பச்சையரிசியை உரலில் இடித்து அரிதட்டில் அரிப்பர். தட்டில் தங்கும் கப்பியை எறிவதில்லை. அதைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்து மாவுடன் சேர்ப்பர். அப்பத்தின் மென்மைக்கு இந்தக் கப்பிக் கஞ்சியே காரணம். பிறகு கள் விட்டுப் பிசைந்து, இரவில் பொங்கி வழியாதபடி பெரிய பானையில் மூடி வைப்பர். காலையில் தேங்காய்ப்பாலும் உப்பும் சிறிது சீனியும் சேர்த்துக் கரைப்பர்.

சுடுவதில் கைத்திறன் வேண்டும். எண்ணெய் தடவிய சட்டியில் ஒரு அகப்பை மாவை விட்டு, இரு காதையும் பிடித்து ஒரே சுழற்றாகச் சுழற்றினால் மா விளிம்பில் மெல்லிய படலமாக ஒட்டும்; மீதி நடுவில் தங்கும். பின்னர் தணல் இட்ட மூடியால் மூடுவர். கீழே விறகு, மேலே சிரட்டைத் தணல் அல்லது பொச்சுத் தணல் என இரு பக்கமும் வெப்பம் பட, கரை பொன்னிறமாக முறுகி, நடு சிறு கண்களோடு வேகும். மூடியைத் தூக்குகையில் தணலின் சாம்பல் அப்பத்தில் விழாமல் பார்ப்பது சுடுபவருக்குரிய தனிப் பக்குவம்.

கள் சேர்ப்பதை எல்லோரும் ஏற்கவில்லை. ஆறுமுக நாவலர் (1822–1879) கள்ளுண்ணலைக் கண்டித்து எழுதினார். அமெரிக்க மிஷனரிமாரும் மதுவிலக்கை வலியுறுத்தினர். மாவில் சேர்த்த கள் குடித்ததாகுமா என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கம் வேறுபட்டது. கள் சீவிய சமூகத்தினரைத் தள்ளிவைத்த வீடுகளின் அடுப்படிக்கும் அவர்கள் இறக்கிய கள் சென்றது.

வீட்டுத் திண்ணையில் அப்பம் சுட்டு விற்பது பெண்களின் தொழிலாக இருந்தது. கடை வாடகை இல்லாத, அடுப்பும் சட்டியும் மட்டுமே முதலான இத்தொழில் பல குடும்பங்களைத் தாங்கியது.

பிற்காலம்

1942இல் இலங்கையில் அரிசிப் பங்கீடு வந்தபின் கோதுமை மாவின் புழக்கம் பெருகியது. அரிசிமாவோடு அதைக் கலக்கும் வழக்கமும் வலுப்பட்டது. ஈஸ்டும் அப்பச்சோடாவும் பரவ, கள்ளுக்குக் காத்திருக்கும் தேவை குறைந்தது.

1990களின் முதற்பாதியில் போரால் குடாநாடு மின்சாரமும் எரிபொருளும் இன்றி இருந்தபோது, விறகையும் சிரட்டையையும் நம்பிய இச்சமையல் மின்சாரத்தையும் எரிபொருளையும் சார்ந்த சமையலைவிட எளிதாகத் தாக்குப்பிடித்திருக்க வேண்டும்.

புலம்பெயர்ந்தோர் வாழும் டொரன்டோ, லண்டன், பாரிஸ் நகரங்களின் தமிழ் உணவகங்களில் அப்பம் கிடைக்கிறது. அங்கு ஒட்டாச் சட்டியும் எரிவாயு அடுப்பும் பயன்படுகின்றன. தணல் மூடிக்குப் பதில் கண்ணாடி மூடி போடப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் உரலில் இடித்த மாவின் இடத்தை மில்லில் திரித்த மா பெரும்பாலும் பிடித்துவிட்டது.